அத்தியாயம் 7: எஃப்.எம்முக்குள் ஒரு பி.எம்.

அதிர்வெண் பண்பேற்றத்துக்கு (எஃப்.எம்.) ஒரு பாடம், கட்டப் பண்பேற்றத்துக்கு (பி.எம்.) ஒரு பாடம் என்று பாடநூல்கள் பிரித்துவைத்திருக்கின்றன. பரீட்சைக்கு அது வசதிதான். ஆனால் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இஸ்திரிக் கடையில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. அதில் வரும் பாட்டில் தபலாவின் அடி எஃப்.எம். ஆக வருகிறது, ஜால்ராவின் சிலுசிலுப்பு ஏறக்குறைய பி.எம். ஆக வருகிறது. ஒரே ஸ்டேஷன், ஒரே ஊர்தி அலை.

மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் படித்தாலும் சரி, செம்பூர் வெசிட்டில் படித்தாலும் சரி, டிப்ளமோ முடித்துவிட்டு ரிப்பேர் கடையில் உட்கார்ந்தாலும் சரி, இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், கடையில் இந்தி என்று மூன்று மொழியில் பாடத்தைக் கடக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சூத்திரங்களை நூலில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சூத்திரம் என்ன சொல்லவருகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

நிலையும் வேகமும்

ஹார்பர் லைனில் குர்லாவிலிருந்து செம்பூருக்கு வரும் லோக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது இன்னொரு கேள்வி. ஊர்தி அலையின் கட்டம் முதல் கேள்விக்கு விடை. அதிர்வெண் இரண்டாவதற்கு விடை. வண்டி சீராக ஓடினால் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருப்போம். அந்தக் கணக்கை விட வண்டி எத்தனை மீட்டர் முந்தியிருக்க வேண்டும், பிந்தியிருக்க வேண்டும் என்பதை ஒலிச் சைகை தீர்மானித்தால் அது பி.எம். வண்டியின் வேகம் எவ்வளவு கூட வேண்டும், குறைய வேண்டும் என்பதை ஒலிச் சைகை தீர்மானித்தால் அது எஃப்.எம். வேகம் மாறாமல் நிலை முந்தாது. வேகம் மாறினால் நிலையும் மாறியே தீரும். அதனால்தான் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று பிரிவதில்லை.

இதிலிருந்து இரண்டு செய்முறை உண்மைகள் கிடைக்கின்றன. ஒலிச் சைகையைத் தொகையிட்டு ஒரு பி.எம். சுற்றுக்குள் அனுப்பினால் வெளியே வருவது எஃப்.எம். வகையிட்டு எஃப்.எம். சுற்றுக்குள் அனுப்பினால் வெளியே வருவது பி.எம். தொகையிட ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். வகையிடவும் அதே இரண்டுதான், இடம் மாற்றிப் போட வேண்டும். இரண்டு பெரிய அத்தியாயங்களுக்கு நடுவே நிற்கும் சுவர் இவ்வளவுதான்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளியும். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் பி.எம். செய்கிறோம், உச்சக் கட்ட விலகல் 5 ரேடியன் என்று வைப்போம். அப்போது அதிர்வெண் விலகல் 5 கிலோஹெர்ட்ஸ். ஒலியின் வீச்சைத் தொடாமல் அதன் அதிர்வெண்ணை மட்டும் 10 கிலோஹெர்ட்ஸாக ஏற்றினால் அதிர்வெண் விலகல் 50 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும். எஃப்.எம். என்றால் 5-லேயே நிற்கும். விலகலை ஒலியின் வீச்சு மட்டும் முடிவுசெய்தால் எஃப்.எம்.; வீச்சும் அதிர்வெண்ணும் சேர்ந்து முடிவுசெய்தால் பி.எம். வைவாவில் இந்த ஒரு வரியைச் சொல்லி, எண்ணையும் சொன்னால் மேற்கொண்டு நோண்ட மாட்டார்கள்.

நோண்டினால் அடுத்த கேள்வி இப்படி வரும்: அலைக்காட்டியில் ஒரு பண்பேற்றிய அலையைக் காட்டி, இது எஃப்.எம்மா பி.எம்மா? ஒரே சைன் அலையால் பண்பேற்றியிருந்தால் படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அதைச் சொல்லிவிடுங்கள். சதுர அலையைக் கொடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். எஃப்.எம். ஆனால் அலை இரண்டு அதிர்வெண்களுக்கு இடையே மாறி மாறி நிற்கும். பி.எம். ஆனால் அதிர்வெண் பெரும்பாலும் ஒன்றேதான். சதுர அலை ஏறி இறங்கும் விளிம்பில் மட்டும் கட்டம் சட்டென்று குதிக்கும்.

கார்சன் மூடிய கதவு

1922-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் கார்சன், அதிர்வெண் விலகலை எவ்வளவு சுருக்கினாலும் எஃப்.எம்மின் பட்டை அகலம் வீச்சுப் பண்பேற்றமான ஏ.எம்மை விடக் குறையாது என்று கணக்கால் நிறுவினார். கணக்கு சரி. அப்படியானால் எஃப்.எம். எதற்கு என்று உலகம் அதை மூட்டை கட்டிவைத்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்: சுருக்குவதால் லாபம் இல்லையென்றால் விரித்துப் பார்ப்போமே. 1933 டிசம்பரில் காப்புரிமை பெற்று, 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன்னால் அகலப்பட்டை எஃப்.எம்மை ஓட்டிக்காட்டினார். இரைச்சல் அற்றுப்போயிருந்தது.

அவருடைய கருவியின் இதயம் பி.எம். தான். படிக அலையியற்றியின் அதிர்வெண் இழுத்தால் வராது. அதன் அருமையே அதுதான். ஆகவே அலையியற்றியை விட்டுவிட்டு, அதன் வெளியீட்டின் கட்டத்தைத் தொகையிட்ட ஒலியால் சற்றே அசைத்தார். அந்த அசைவு மிகச் சிறியது. 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை ரேடியன் என்று வைத்தால் அதிர்வெண் விலகல் வெறும் 25 ஹெர்ட்ஸ். ஒலிபரப்புக்கு வேண்டியது 75,000 ஹெர்ட்ஸ். ஆக 3000 மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது ஊர்தி அலையும் சேர்ந்து பெருகி எங்கோ போய்விடும் என்பதால் இடையில் ஒருமுறை கலந்து கீழே இறக்கி, மீண்டும் பெருக்குவார்கள். பரீட்சையில் வரும் ஆர்ம்ஸ்ட்ராங் முறைக் கணக்குகள் எல்லாமே இந்த ஏற்ற இறக்கம்தான். கணக்கில் தடுமாறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெருக்கினால் விலகலும் பெருகும், கலந்து இறக்கினால் ஊர்தி அலை மட்டும் இறங்கும், விலகல் அப்படியே இருக்கும்.

கார்சன் பெயரில் இன்று நிற்கும் விதி, விலகலையும் மிக உயர்ந்த ஒலி அதிர்வெண்ணையும் கூட்டி இரண்டால் பெருக்கச் சொல்கிறது. ஒலிபரப்பில் 75-ம் 15-ம் சேர்ந்து 90. இரட்டித்தால் 180 கிலோஹெர்ட்ஸ். இதை நம் ஊர் டயலில் சோதிக்கலாம். மும்பையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று ஸ்டேஷன்கள் வரிசையாக நிற்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 800 கிலோஹெர்ட்ஸ். தேவையோ 180. மலிவான ரேடியோவிலும் பக்கத்து ஸ்டேஷன் உள்ளே நுழையாதபடி இவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறார்கள். இந்தத் தாராளம் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. பாதியாகக் குறைக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் பரிந்துரைத்ததுண்டு.

இங்கே ஒரு சின்ன விலகல். பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் தொடங்கியது 1927 ஜூலை 23. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது 1977 ஜூலை 23; ஐம்பது ஆண்டு, நாள் பிசகவில்லை. ஆனால் மும்பைக்காரர்கள் அதற்கு முன்பே எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1972 அக்டோபர் 2-ல் இங்கே தூர்தர்ஷன் வந்தது. அந்தத் தொலைக்காட்சி முறையில் படம் ஏ.எம்.; ஒலி எஃப்.எம்., 50 கிலோஹெர்ட்ஸ் விலகலோடு. 1982-ல் வண்ணம் வந்தபோது கட்டமும் சேர்ந்துகொண்டது: திரையில் ஒரு புள்ளி சிவப்பா பச்சையா என்பதைத் தீர்மானித்தது துணை ஊர்தி அலையின் கட்டம். கட்டத்தைப் படிக்க ஒப்பிட ஓர் அளவு வேண்டுமே என்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கொஞ்சம் மூல அலையை அனுப்பினார்கள். ஒலிபரப்பில் சுத்தமான பி.எம். ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒரு காரணம் இது: கட்டத்தைப் படிக்க ஒப்பீடு தேவை, அதிர்வெண்ணைப் படிக்கத் தேவையில்லை.

ஜால்ரா எப்படிப் பி.எம். ஆகிறது

எஃப்.எம். பெறுவியின் இரைச்சல் எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஊர்தி அலையின் கட்டத்தைச் சமமாகத்தான் ஆட்டுகிறது. பெறுவியோ கட்டத்தை வகையிட்டு அதிர்வெண்ணாகப் படிக்கிறது. வகையிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்: உயர்ந்த அதிர்வெண் பெரிதாகும். ஆகவே இரைச்சல் மேலே போகப் போக ஏறுகிறது. பாட்டிலோ உயர்ந்த சுரங்கள் இயல்பாகவே மெலிந்தவை. மெலிந்த இடத்தில் இரைச்சல் தடித்தால் ஜால்ரா கேட்காது, உஸ்ஸென்ற சத்தம்தான் கேட்கும்.

இதற்கு மருந்தாக, ஒலிபரப்புவதற்கு முன்பே உயர்ந்த சுரங்களைத் தூக்கிவிடுகிறார்கள். பெறுவியில் அதே அளவு அமுக்குகிறார்கள். முன்னழுத்தம், பின்தளர்வு என்று சொல்லலாம். கடையில் பிரி-எம்ஃபசிஸ், டி-எம்ஃபசிஸ்தான். இந்தியாவில் இதன் நேர மாறிலி 50 மைக்ரோ நொடி. அதாவது சுமார் 3.18 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. அதற்கு மேலே அதிர்வெண் இரட்டித்தால் தூக்கலும் இரட்டிக்கிறது. இது வகையிடலின் குணம் அல்லவா? வகையிட்ட ஒலியை எஃப்.எம். சுற்றுக்குள் அனுப்பினால் பி.எம். எனவே 3.18 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தபலா எஃப்.எம்.; அதற்கு நன்றாக மேலே போய்விட்ட ஜால்ரா பி.எம். பாடநூல் பிரித்துவைத்த இருவரும் ஒரே கோபுரத்தில் வேலை செய்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்காவில் 75 மைக்ரோ நொடி. அங்கிருந்து யாராவது கொண்டுவந்த செட் இங்கே பாடினால் சத்தம் சற்று மந்தமாக இருக்கும். ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். பின்தளர்வு மின்தேக்கியின் மதிப்பைப் பாருங்கள்.

பி.எம்மை முழுவதும் நம்பி வாழும் ஊர்க்காரர்களும் உண்டு. மாகுல் பக்கம் போனால் தெரியும் துறைமுகக் கப்பல்களின் வி.எச்.எஃப். வயர்லெஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் பேச்சுக்கு உலகம் முழுக்க வகுத்திருக்கும் வகை ஜி3இ. ஜி என்றால் கட்டப் பண்பேற்றம். ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. விலகல் 5 கிலோஹெர்ட்ஸ்தான். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது.

இரண்டு ரேடியோ, ஒரு மேசை

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். டயலும் ஊசியும் உள்ள பழைய செட் இரண்டு வேண்டும். டிஜிட்டல் ட்யூனர் உள்ள புதுச் செட் ஆகாது. தேரா கம்பவுண்டுப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் தேடலாம். திறந்து பாருங்கள்: 10.7 என்று எழுதிய மூன்று கால் பில்ட்டரும், மெழுகு வைத்து அசையாமல் நிறுத்திய சில சுற்றுச் செம்புக் கம்பியும் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய செட். பாட்டரியில் ஓட்டுங்கள், மின்சாரத்தில் செருகி, திறந்துவைத்து விளையாட வேண்டாம்.

முதல் செட்டை 91.1-ல் வையுங்கள். ஒலியைக் குறைத்துவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் அலையியற்றி, வழக்கமான சுற்றாக இருந்தால், 10.7 கூட்டி 101.8 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது செட்டைப் பக்கத்தில் வைத்து 101.8 பக்கம் மெல்லத் திருப்புங்கள். டயல் எழுத்தை அப்படியே நம்பாதீர்கள், முன்னே பின்னே தேடுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் ஓரிடத்தில் பட்டென்று அடங்கும். ஸ்டேஷன் இல்லை, பாட்டு இல்லை, வெறும் மௌனம். அந்த மௌனம்தான் பண்பேற்றாத ஊர்தி அலை. எஃப்.எம். பெறுவி அலையின் வீச்சைப் பார்ப்பதில்லை; வெட்டி மட்டப்படுத்திவிட்டு அதிர்வெண் ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஊர்தி அலை வலுவாக வந்ததும் இரைச்சல் தோற்றுவிட்டது.

இனி, முதல் செட்டின் அந்தச் செம்புச் சுருளுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் ஆட்டுங்கள். இரண்டாவது செட்டில் டொக் டொக் என்று கேட்கும். விரல் சேர்த்த மின்தேக்குத்திறன் அலையியற்றியின் அதிர்வெண்ணை இழுக்கிறது. விரலை அசைக்காமல் வைத்திருந்தால் ஒலி இல்லை. அதிர்வெண் மாறும்போது மட்டுமே ஒலி. செட்டின் உடம்பைத் தட்டினாலும் சுருள் அதிர்ந்து அது அங்கே கேட்கும். விரலின் இடத்தில் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்தேக்குத்திறன் மாறும் வேரக்டர் டையோடைப் போட்டு அதற்கு ஒலியைக் கொடுத்தால் பாடநூல் சொல்லும் நேரடி எஃப்.எம். சுற்று கிடைத்துவிட்டது.

இதே மேசையில் மிக்ஸியை ஓட்டிப் பாருங்கள். மீடியம் வேவ் ஸ்டேஷன் ஏதாவது பிடித்துவைத்திருந்தால் கரகரவென்று அடித்துக்கொண்டு போகும்; எஃப்.எம். பெரும்பாலும் சட்டை செய்யாது. தாராவி மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் வண்டி போகும்போது மீடியம் வேவ் பொரிவதைக் கேட்டால் மட்டப்படுத்தியின் அருமை தெரியும்.

வல்லவன் ஒருவனே

98.3 மும்பையிலும் ரேடியோ மிர்ச்சி, புனேயிலும் ரேடியோ மிர்ச்சி. 91.1 இரு ஊரிலும் ரேடியோ சிட்டி. புனேவுக்குப் பஸ்ஸில் போகும்போது இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டே போங்கள். மலைப்பாதையில் மும்பை அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார். ஒரு வளைவில் சட்டென்று புனேக்காரர் வந்துவிடுவார். அடுத்த வளைவில் மறுபடி மும்பை. இருவரும் ஒன்றாகப் பேசுவது அரிது. வலுவான சைகை மெலிந்ததை அமுக்கிவிடும் இந்தக் குணத்துக்குப் பிடிப்பு விளைவு என்று பெயர். ஏ.எம். என்றால் இரண்டும் கலந்து, நடுவே ஒரு விசிலும் சேர்ந்து கேட்கும்.

கேட்பவனுக்கு இது வரம். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் இன்றும் ஏ.எம்.தான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் மெலிந்த குரல் சுவடில்லாமல் மறைந்துவிடக் கூடாது. குளறலாகவாவது காதில் விழ வேண்டும். ஆகவே எஃப்.எம். எதிலும் மேல் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

போட்மாலாவில் எடுக்கவில்லையா?

தகரக் கூரைக்குக் கீழே, போட்மாலா என்ற பரணில் படுத்துக்கொண்டு போனில் எஃப்.எம். கேட்பவர்களுக்கு மூன்று யோசனை. ஒன்று, இயர்போன் கம்பிதான் அங்கே ஆன்டெனா. 98.3-ன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். கால் அலை 76 சென்டிமீட்டர். கம்பியைச் சுருட்டி வைக்காமல் நேராகத் தொங்க விடுங்கள். இரண்டு, எடுக்காத இடத்திலிருந்து ஓரடி ஈரடி நகர்ந்து பாருங்கள். எதிரே எழும்பியிருக்கும் எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சம் நகர்ந்தாலே அந்த இடம் மாறிவிடும். மூன்று, செட்டில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஸ்டீரியோவின் இடது வலது வித்தியாசம் 23-லிருந்து 53 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் பயணிக்கிறது. இரைச்சல் மேலே போகப் போக ஏறும் என்று பார்த்தோமே, அந்த ஏற்றத்தின் உச்சியில்தான் ஸ்டீரியோ குடியிருக்கிறது. மோனோவுக்கு மாறியதும் அந்த உஸ் முழுதும் கழன்றுவிடும்.

ஆய்வகத்தில் ஒரு சோதனை

நிறமாலை பகுப்பி இருக்கும் ஆய்வகம் வாய்த்தால் இதைச் செய்யாமல் வராதீர்கள். பண்பேற்ற எண், அதாவது விலகலை ஒலியின் அதிர்வெண்ணால் வகுத்து வரும் எண், 2.405 ஆகும்போது நடுவில் உள்ள ஊர்தி அலைக் கோடு முற்றிலும் மறைந்துவிடும். ஆற்றல் முழுதும் பக்கப்பட்டைகளுக்குப் போய்விடும். மொத்த ஆற்றல் மாறுவதில்லை. இதை அளவுகோலாக்கலாம். 5 கிலோஹெர்ட்ஸை 2.405-ஆல் வகுத்தால் 2079 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைக் கொடுத்து, வீச்சை மெல்ல ஏற்றி, நடுக்கோடு முதல் முறை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். விலகல் அப்போது துல்லியமாக 5 கிலோஹெர்ட்ஸ். வேறு மீட்டரே வேண்டாம். சைகையைக் கம்பி வழியாகவே பகுப்பிக்குக் கொடுங்கள், ஆன்டெனா போடாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. லேமிங்டன் ரோட்டில் ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கிட் என்று விற்பதை வாங்கி மொட்டை மாடியில் ஓட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எஃப்.எம். பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு அடுத்த படியிலேயே விமானங்களுக்குத் தரையிறங்க வழிகாட்டும் சைகைகள் தொடங்குகின்றன. விமான நிலையமோ தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெயிலில் சூடேறினால் அந்தக் கிட்டின் அதிர்வெண் எங்கே நகரும் என்று விற்றவருக்கும் தெரியாது. ஆர்ம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற அதே 1933-ல் வந்த வயர்லெஸ் சட்டத்திலிருந்து இன்றுவரை உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆசை உண்மையானால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதுங்கள். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. கையில் உரிமம் வந்தபின் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை சட்டப்படியே எஃப்.எம்மில் பேசலாம்.